பாவக்கொடி பந்தல் முழுக்கப் படர்ந்து நிக்குது, பூவும் கொட்டுது, காயைக் காணேல்லை. நுனியை வெட்டலாமோ?

வெட்டலாம், பயப்பிடாம வெட்டுங்கோ.

எனக்கு முதல் பதில் போட்ட ஒருத்தர் "கொடி வெட்டுறதெல்லாம் யூடியூப் பாத்து வந்த பழக்கம், வன்னியில ஆரும் வெட்டினதில்லை" எண்டு எழுதியிருக்கிறார். அதை வாசிச்சிட்டுச் சும்மா இருக்க என்னால ஏலாமப் போச்சு. எங்கட அப்பா வன்னியில, விசுவமடுவில தோட்டம் செய்தவர். கரண்ட் இல்லை, மண்ணெண்ணையும் தடையா இருந்த சண்டைக் காலம், அதுக்குள்ளயும் தண்ணி இறைச்சுப் பாவலும் பயித்தையும் போட்டவர். விடியக்காலமை பந்தலுக்குக் கீழ குனிஞ்சு ஒவ்வொரு கொடியா நுனி கிள்ளிக்கொண்டு போவார், நாங்கள் பிள்ளையள் பின்னால கடகத்தைத் தூக்கிக்கொண்டு போவம். அந்த மனுசன் எந்த வீடியோவும் பாத்துச் செய்யேல்லை. அதால தெரியாத விசயத்தை ஊர் முழுக்க அப்பிடித்தான் எண்டு சொல்லாதேங்கோ.

சரி, உங்கட கொடிக்கு வாறன். கிணத்தடியில குளிக்கிற தண்ணி ஓடுற இடத்தில நட்டிருப்பியள், வளரட்டும் எண்டு யூரியாவும் போட்டிருப்பியள் எண்டு நினைக்கிறன். யூரியா கூடினா இலையும் தண்டும்தான் கருகருவெண்டு வரும், பிஞ்சு வராது. முதல்ல அதை நிப்பாட்டுங்கோ. மற்றது, நீங்கள் பாக்கிற பூ எல்லாம் ஆண் பூவா இருக்கும். பாவலில முதல் வாறது ஆண் பூதான், அது கொட்டத்தான் செய்யும். பெண் பூவெண்டா பூவுக்குக் கீழ குட்டிப் பாவக்காய் மாதிரி ஒண்டு ஒட்டிக்கொண்டிருக்கும், விடிய விரியேக்க போய்ப் பாத்தா வடிவாத் தெரியும்.

நடுத்தண்டில பெண் பூ குறைவு, பக்கக் கிளையளிலதான் கனக்க வரும். நுனியைக் கிள்ளினா கிளை வெடிக்கும், அவ்வளவுதான் இதில உள்ள விசயம். நான் கிளிநொச்சி தருமபுரத்தில திரும்பி வந்து குடியிருந்தாப் பிறகு வளவில போட்டது தின்னவேலி வெள்ளை எண்ட பாவல் இனம். விதையை ஒரு ராத்திரி ஊறப்போட்டு, மாட்டெரு போட்ட கிடங்கில நட்டு, பந்தலுக்கு முல்லைத்தீவுப் பக்கம் கரைவலைக்காரர் கழிச்ச பழைய வலையைக் கட்டினனான். கொடி 6 அடிப் பந்தலைத் தொடுமட்டும் ஒரே தண்டாத்தான் ஏற விடுவன், இடுப்பளவுக்குக் கீழ வாற கிளையளை எல்லாம் பிஞ்சிலயே கிள்ளிப்போடுவன். பந்தலைத் தொட்ட உடன நுனியைக் கிள்ளிறது. பிறகு நாலைஞ்சு கிளை வெளிக்கிடும், அதுகளை வலையில நாலு பக்கமும் பரப்பி விடோணும், ஒண்டுக்கு மேல ஒண்டு ஏற விட்டா வெளிச்சமும் போகாது காத்தும் போகாது. அடியில மஞ்சளாப் போற இலையளையும் கழட்டிவிடுங்கோ. மழைத் தண்ணியோ பனியோ இலையில நிக்கேக்க கை வைக்காதேங்கோ, நோய் பரவும்.

நான் கிள்ளுறதைக் கண்டிட்டு மாமி அயலுக்கெல்லாம் கேக்கத்தக்கதா "காய்க்கப்போற கொடியில கை வைக்கிறாள்" எண்டு பேசினவ. அவவின்ர கொடி வேலியோட கிளுவையில ஏறி மேல இலைக் கூடாரமாப் போச்சு, காய் எங்க கிடக்கெண்டு தெரியாமப் பழுத்து வெடிச்சுத்தான் கண்டவ. என்ர கொடியில இரண்டு மூண்டு நாளுக்கு ஒருக்காப் பிடுங்கினன். பழுக்க விட்டா புதுப்பிஞ்சு குறையும், அதால முத்துறதுக்கு முதலே பிடுங்கோணும். மாமி இண்டைக்கும் மண் நல்லதெண்டுதான் சொல்லுவா. ஒரே வளவு, ஒரே மண்.

உடன சண்டைக்கு வராதேங்கோ, நான் விவசாயப் போதனாசிரியர் இல்லை. ஏக்கர் கணக்கில போடுறவை கூலி குடுத்துக் கிள்ளுறது கட்டாதெண்டா அது அவையின்ர கணக்கு. நான் சொல்லுறது வீட்டு வளவில நாலு கொடி வச்சிருக்கிற ஆக்களுக்கு.

கட்டாதெண்டு சொல்லேக்கதான் ஞாபகம் வருது, மிஞ்சின காயைச் சந்தைக்குக் கொண்டுபோனா 10 கிலோவுக்கு 1 கிலோ கழிவெண்டு வெட்டிப்போட்டு மிச்சத்துக்குத்தான் காசு தருகினம். வெங்காயத்தில மண் இருக்கு, கழிவெண்டா விளங்கும். விடியப் பிடுங்கின பாவக்காயில என்ன கழிவு? கேட்டா "எல்லாருக்கும் அப்பிடித்தான் அக்கா" எண்டு சொல்லிப்போட்டு அடுத்த மூட்டையைத் தூக்குறாங்கள். தண்ணி இறைச்சு, கிள்ளி, பேப்பர் சுத்தி வளத்த பொம்பிளையின்ர உழைப்பில பத்தில ஒண்டு சும்மா போகுது, இதை ஒருத்தரும் பெரிசா எடுக்கிறேல்லை. அதுக்குப் பிறகு மிச்சத்தை அயலுக்குத்தான் குடுக்கிறன்.

பேப்பர் எண்டன், அதையும் சொல்லவேணும். பிஞ்சு விரலளவு வரேக்க பழைய பேப்பரைக் குழலாச் சுத்திக் கட்டிவிடுங்கோ, இல்லாட்டி பழ ஈ குத்தி உள்ளுக்கு முட்டை வைக்கும், அது புழுவாகும். குத்தின காயை வேலிக்கரையில எறிய வேண்டாம், சொப்பிங் பாக்கில இறுக்கிக் கட்டி வெயிலில போடுங்கோ. மருந்து அடிக்கிறதெண்டா பின்னேரத்தில அடியுங்கோ, விடியத்தான் தேனீ வாறது, அதுகள் வராட்டி நீங்கள் எப்பிடி வெட்டினாலும் காய் பிடிக்காது.

இப்ப மாரி மழை எண்டா கொஞ்சம் பொறுங்கோ, மழை விட்டு வெயில் வந்தாப் பிறகு கிள்ளினாக் காணும். கிள்ளிற அண்டைக்கு வேருக்கு நல்லாத் தண்ணி விடுங்கோ. எத்தினை கிளை வந்ததெண்டு கீழ எழுதுங்கோ, பாத்துச் சொல்லுறன்.