சத்துணவக்கா பதில்கள்

இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், மணப்பாறைப் பக்கத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் 1982-ல் சத்துணவு அமைப்பாளராகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றவர். பெயர் போட வேண்டாம் என்றார். "ஊரில் எல்லாருக்கும் நான் சத்துணவக்காதான். அதையே போடுங்கள்."

கேள்வி: வங்கியில் வேலை செய்கிறேன். மகளை விரும்பித்தான் அரசுப் பள்ளியில் சேர்த்தேன், மூன்றாம் வகுப்பு. தோழிகளோடு உட்கார்ந்து சத்துணவு சாப்பிடுவேன் என்று அடம்பிடிக்கிறாள். வசதியுள்ள நாங்கள் ஏழைப் பிள்ளையின் பங்கில் கைவைக்கலாமா? எங்களைப் போன்றவர்களை விலக்கினால் அரசுக்கும் மிச்சம்தானே? – வாசகர், கரூர்

பெயரைக் கொடுத்துவிடுங்கள் தம்பி. யார் பங்கும் குறையாது. சாப்பிடுகிற பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் மையத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் கணக்கிடுகிறார்கள். ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, அதற்கு மேல் 150 கிராம். உங்கள் மகள் உட்கார்ந்தால் அவள் கணக்கில் 100 கிராம் கூடும். அவ்வளவுதான்.

வசதியானவர்களை விலக்கலாம் என்கிறீர்கள். சரி, யார் வசதியானவர் என்று யார் பார்ப்பது? எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. பட்டாவில் நாலு ஏக்கர் இருக்கும், மழை பொய்த்த வருஷம் அந்த வீட்டில் ஒரு வேளைதான் அடுப்பு எரியும். இன்னொரு வீட்டில் அப்பனுக்கு நல்ல கூலி, ஆனால் காசு வீடு வந்து சேராது, வழியிலேயே கரைந்துவிடும். வேறொரு வீட்டில் அம்மா பிரசவத்துக்குப் போயிருப்பாள், ஒரு மாசம் சமைக்க ஆள் இருக்காது. இதற்கெல்லாம் எந்த ஆபீஸில் சான்றிதழ் வாங்குவது? வாங்கிக்கொண்டு வருவதற்குள் பிள்ளை அரைப் பரீட்சை எழுதிவிடும்.

எங்கள் பள்ளியில் ஒரு பெண் படித்தாள். நிலம் உள்ள குடும்பம், அதாவது ஒரு காலத்தில் நிலம் இருந்த குடும்பம். மணி அடித்ததும் "வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வரேங்க்கா" என்று ஓடுவாள். வீட்டில் ஒன்றும் இருக்காது என்பது எனக்குத் தெரியும். "நம்ம வீட்டுப் பிள்ளை தட்டேந்தி நிக்கிறதா?" என்று அவள் தாத்தாவுக்கு ரோஷம். கோயில் திண்ணையில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வருவாள். நான் கூப்பிட்டும் வரவில்லை. அந்த வருஷம் மாற்றலாகி வந்த தலைமையாசிரியர் தன் மகனை எங்கள் பள்ளியிலேயே சேர்த்து, பந்தியிலும் உட்கார வைத்தார். வாத்தியார் வீட்டுப் பிள்ளையே சாப்பிடுகிறானே, அப்புறம் தாத்தா என்ன சொல்ல முடியும்? அவளும் தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

அதே பையனால் இன்னொன்றும் நடந்தது. சாம்பார் தண்ணியாக இருக்கிறது என்று வீட்டில் போய்ச் சொல்லிவிட்டான். மறுநாள் சார் சமையல்கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டார். பருப்பு மூட்டையைத் தராசில் வைத்துக் காட்டினேன். மூட்டையே எடை குறைந்துதான் வந்துகொண்டிருந்தது. நான் பல தடவை எழுதிப் போட்டிருந்தேன், யாரும் கண்டுகொள்ளவில்லை. அவர் ஒரு கடிதம் எழுதினார், அடுத்த மூட்டை சரியான எடையில் வந்தது. கூலிக்காரர் பிள்ளைகள் மட்டும் சாப்பிட்ட வரைக்கும் அந்தக் குறை எங்களோடு கிடந்தது. உங்களைப் போல மனு எழுதத் தெரிந்தவர்களின் பிள்ளைகள் பந்தியில் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். மகளிடம் தினமும் என்ன போட்டார்கள், எப்படி இருந்தது என்று கேளுங்கள்.

கேள்வி: சத்துணவைக் கொண்டுவந்தது காமராஜரா, எம்.ஜி.ஆரா? வீட்டில் மாமனாருக்கும் என் கணவருக்கும் தினம் சண்டை. – வாசகி, விருதுநகர்

இரண்டு பேருக்கும் சாப்பாடு போட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள். 1920-லேயே சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுத்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்று கணக்கு. அதற்கு வெள்ளைக்காரன் அரசு பணம் விட மறுத்ததால் 1925-ல் நின்று, பிறகு மறுபடி வந்தது. மாநிலம் முழுக்க ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவைக் கொண்டுபோனவர் காமராஜர், 1956 வாக்கில். 1982 ஜூலை 1 அன்று அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெரிதாக்கியவர் எம்.ஜி.ஆர்.; தொடங்கியது எங்கள் திருச்சி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில். அப்போது வேலைக்கு எடுத்ததில் விதவைகளுக்கும் ஆதரவில்லாத பெண்களுக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள். இருபத்திரண்டு வயதில் கணவரை இழந்து நின்ற எனக்கு அப்படித்தான் வேலை கிடைத்தது. அதனால் என் ஓட்டு எந்தப் பக்கம் சாயும் என்று கேட்காதீர்கள். முட்டையைச் சேர்த்தது கருணாநிதி, 1989-ல். வாரம் ஐந்து முட்டை ஆனது 2010-ல். வகைவகையான கலவை சாதம் ஜெயலலிதா காலத்தில் வந்தது. காலைச் சிற்றுண்டியை 2022-ல் மதுரையில் தொடங்கியவர் ஸ்டாலின். சண்டையை நீட்டிக்க இத்தனை பேர் போதுமா?

கேள்வி: பள்ளியில் போடும் அரிசியில் பிளாஸ்டிக் கலந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தது. என் அக்கா சமையல் உதவியாளர். அரிசி களையும்போது சில மணிகள் மிதப்பதாக அவரும் சொல்கிறார். – வாசகர், பெரம்பலூர்

மிதக்கும். அது பிளாஸ்டிக் இல்லை, செறிவூட்டிய அரிசி. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 வைட்டமின் சேர்த்துப் பிசைந்து, இயந்திரத்தில் அரிசி மணி மாதிரியே பிழிந்து எடுக்கிறார்கள். நூறு கிலோ அரிசிக்கு அது ஒரு கிலோ கலப்பார்கள். ஊற வைத்தால் மாவு என்று தெரிந்துவிடும். உங்கள் அக்கா செய்யக் கூடாதது ஒன்றுதான்: மிதக்கிறதே என்று அரித்துக் கொட்டிவிடக் கூடாது. ரத்தசோகைக்காகப் போடுகிற சத்து அப்படியே வாய்க்காலுக்குப் போய்விடும். தலசீமியா போன்ற ரத்த நோய் உள்ள பிள்ளை இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: மகன் குடும்பத்தோடு கலிபோர்னியாவில் ஆறு மாதம் இருந்தேன். பேத்திக்குப் பள்ளியில் காலையும் மதியமும் சாப்பாடு இலவசம். மகனும் மருமகளும் நன்றாகச் சம்பாதிக்கிறவர்கள். அமெரிக்காவில் எப்படி? – வாசகி, தஞ்சாவூர்

எனக்கும் ஆச்சரியமாக இருந்ததால் படித்துப் பார்த்தேன் அம்மா. அந்த நாட்டில் வெகுகாலமாகப் பிள்ளைகளை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்: இலவசம், குறைந்த விலை, முழு விலை. பணம் கட்ட முடியாத வீட்டுக்குக் கடன் ஏறும். 2014-ல் சால்ட் லேக் சிட்டியில் ஒரு தொடக்கப் பள்ளியில், பாக்கி இருந்த பிள்ளைகளின் கையிலிருந்த சாப்பாட்டுத் தட்டைத் திருப்பி வாங்கிக் குப்பையில் கொட்டியிருக்கிறார்கள். பரிமாறிய சோற்றை வேறு பிள்ளைக்குப் போடக் கூடாதாம், அதனால் குப்பை! படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கொரோனாக் காலத்தில் நாடு முழுக்க எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அது 2022-ல் முடிந்ததும் கலிபோர்னியாவும் மெய்ன் (Maine) என்ற மாநிலமும் சொந்தச் செலவில் தொடர்ந்தன. பிறகு வேறு சில மாநிலங்களும் சேர்ந்தன. கரூர்த் தம்பியிடம் உங்கள் பேத்தி கதையைச் சொல்ல வேண்டும்.

கேள்வி: நான் காலை ஐந்தரைக்கே மில்லுக்குப் போகிறேன். மகன் பள்ளியில் காலைச் சிற்றுண்டி சாப்பிட்டு வந்தான். இந்த வருஷம் ஆறாம் வகுப்பு, இனி கிடையாது என்கிறார்கள். உண்மையா? – வாசகி, திண்டுக்கல்

உண்மைதான் அம்மா. சிற்றுண்டி ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. பத்து வயதில் பசித்த பிள்ளைக்குப் பதினொன்றில் பசிக்காதா என்று நானும் பார்க்கிற அதிகாரியிடமெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். மதியச் சத்துணவும் பத்தாம் வகுப்போடு நின்றுவிடும், பிளஸ் ஒன் பிள்ளைக்குக் கிடையாது. கிராமசபைக் கூட்டத்தில் எழுதிக் கொடுங்கள். தனியாக வேண்டாம், மில்லுக்குப் போகிற நாலு பெண்களாகச் சேர்ந்து. இப்போதைக்கு ராத்திரியே சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, வெங்காயமும் மோரும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போங்கள். ஆறாவது படிக்கிற பையன் தானே பிசைந்து சாப்பிடுவான்.

கேள்வி: எங்கள் பிள்ளை முட்டை சாப்பிடமாட்டான். அவனுக்கு என்ன? – வாசகர், கும்பகோணம்

வாழைப்பழம். கொடுக்கவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.