சத்தம் கேட்டதும் மூன்று மாதப் பிள்ளை விறைத்துப்போகுது. பயந்த கோளாறா, வலிப்பா?

இரண்டும் இல்லாமல் மூன்றாவதாக ஒன்றும் இருக்கலாம். கதவு அடிபட்டாலே விறைக்குது, நித்திரையில் உடம்பு தளர்ந்துவிடுது, பிறந்ததிலிருந்தே இப்படித்தான் என்று எழுதியிருக்கிறீங்கள். மூன்றும் சேர்ந்தால் ஹைப்பரெக்பிளெக்சியா என்ற, அளவுமீறித் திடுக்கிடும் நோயையும் யோசிக்க வேணும். மிக அரிது, பரம்பரையாக வருவது.

மூளைத்தண்டிலும் முண்ணாணிலும் நரம்புகளை அடக்கி வைப்பதில் கிளைசின் என்ற இரசாயனத்துக்குப் பெரிய பங்கு. நரம்பில் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பி பழுதானால் திடுக்கம் அடங்காது. காஞ்சூரைக் கொட்டையின் நஞ்சான ஸ்ட்ரிக்னின் மறிப்பதும் அதே ஏற்பியைத்தான்; அந்த நஞ்சு ஏறிய நாய் சின்னச் சத்தத்துக்கே விறைத்து வளைவது அதனால்தான். காரணமான முதல் மரபணு 1993இல் பிடிபட்டது.

டொக்டர் மூக்கு நுனியை விரலால் மெல்லத் தட்டிப் பார்ப்பார். மற்றப் பிள்ளைகள் சில தட்டில் பழகிவிடும். இந்தப் பிள்ளை ஒவ்வொரு தட்டுக்கும் தலையைப் பின்னுக்கு வெட்டும். வீட்டில் செய்து பார்க்காதேங்கோ. விறைப்பு நெஞ்சைப் பிடித்தால் மூச்சு நின்றுவிடும், உயிராபத்தே அதில்தான்.

அப்படி நின்றால் ஒரு கையால் தலையையும் மறு கையால் இரண்டு கால்களையும் ஒரே நேரத்தில் தொப்புள் பக்கமாக மடியுங்கோ. விறைப்பு விடும்வரை பிடித்திருங்கோ. விஜெவானோ முறை என்பது இதுதான். தலையை மட்டும் மடித்தால் காணாது. மற்றவர் 1990 அம்புலன்ஸுக்குப் போன் அடிக்கட்டும்.

"வன்னியில ஆர்தான் திடுக்கிடேல்லை, எல்லாம் சண்டையால வந்தது" என்று கீழே ஒருவர் கட்டாயம் எழுதுவார். செல்லடிக்குள் இருந்தவர்களின் திடுக்கம் உண்மையானது, நான் மறுக்கேல்லை. அது பட்ட பிறகு வருவது, கெட்ட கனவோடு வருவது. மூன்று மாதப் பிள்ளைக்கு என்ன சண்டை? நூல் கட்டுங்கோ, திருநீறு போடுங்கோ, ஆனால் கிளினிக்கைப் பின்போடாதேங்கோ. பின்னால் வந்து "டோய்" என்று கத்திச் சிரிக்கிற ஆக்களையும் கிட்ட விடாதேங்கோ; இந்த நோய் உள்ள பெரியவர் நினைவு தப்பாமலே மரம்போலச் சாய்வார், கை ஊன்ற வராது, மண்டைதான் உடையும்.

முழு உடம்பும் தெரிய போனில் வீடியோ எடுத்துப் பிள்ளை நரம்பியல் டொக்டரிடம் காட்டுங்கோ. மூளை மின்னலைப் பதிவு (EEG) பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தசைத் துடிப்பை வலிப்பு என்று வாசித்துவிடுவதும் உண்டு. முதல் மருந்து குளோனசெபாம், வழக்கமாக நாளுக்கு கிலோவுக்கு 0.01 முதல் 0.1 மில்லிகிராம். அளவை டொக்டர்தான் தீர்மானிப்பார். தூக்கம் கூடும், அதற்காகச் சட்டென்று நிறுத்தக்கூடாது. தொப்புள், கவட்டுக் குடலிறக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கோ, விறைப்பு வயிற்றை அழுத்துவதால் அது வரும்.