சாய்வு கேமராவினுடையதா, கட்டடத்தினுடையதா?

பெர்லினுக்குத் தெற்கே வூன்ஸ்டார்ஃபில் உள்ள பழைய சோவியத் ராணுவத் தலைமையகத்தை வழிகாட்டியுடன் சுற்றிப் பார்த்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எல்லாவற்றையும் ரா ஃபைலாகத்தான் (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவு) எடுத்தேன், ஒரு காட்சிக்கு ஒரு படம்தான். உள்ளே எடுத்த படங்களில் ஜன்னல் வெளுத்துக் கிடக்கிறது, சுவரெல்லாம் இருட்டு. லைட்ரூம் மென்பொருளில் ஷேடோஸை (இருண்ட பகுதிகள்) முழுக்க ஏற்றி, ஹைலைட்ஸை (வெளிச்சமான பகுதிகள்) முழுக்க இறக்கினால் வரைந்த படம் மாதிரி ஆகிவிடுகிறது. வெளியே எடுத்த படங்களில் கட்டடம் பின்பக்கமாகச் சாய்கிறது. தானாக நிமிர்த்தும் ஆட்டோவைக் கொடுத்தால் அங்கே இருக்கும் கூம்பு வடிவ பங்கர் (குண்டுவீச்சின்போது பதுங்கும் இடம்) கோபுரம் இன்னும் கோணலாகிறது. எங்கிருந்து தொடங்குவது?"

சாய்விலிருந்து தொடங்குங்கள். அதைச் சரிசெய்யும்போது படத்தின் ஓரங்கள் வெட்டுப்படும். பாதி வானமோ, தொல்லை கொடுத்த ஜன்னலோகூட வெளியே போய்விடலாம். மிஞ்சும் படத்துக்கு வெளிச்சம் பார்த்தால் போதுமே.

கேமராவை மேல்நோக்கித் தூக்கினால் செங்குத்துக் கோடுகள் மேலே போகப் போக நெருங்கும். அது கேமரா உண்டாக்கிய சாய்வு. ஆனால் வூன்ஸ்டார்ஃபில் கட்டடத்துக்கே சொந்தமான சாய்வும் நிறைய இருக்கிறது. நீங்கள் சொல்லும் கோபுரம் லியோ விங்கல் என்பவர் 1930களில் வடிவமைத்த வகை. மேலே விழும் குண்டு சறுக்கிக்கொண்டு போகட்டும் என்றே அதைக் கூம்பாகக் கட்டினார்கள். பக்கத்திலேயே மைபாக் பங்கர்கள். போர்க்காலத்தில் ஜெர்மன் தரைப்படைத் தலைமை இயங்கிய இடம். வானிலிருந்து பார்ப்பவருக்குக் கிராமத்து வீடுகளாகத் தெரியும்படி ஓட்டுக் கூரை வேடத்தில் கட்டப்பட்டவை. போர் முடிந்தபின் அவற்றை வெடிவைத்துத் தகர்த்தார்கள். பிளந்து சாய்ந்து நிற்கும் அந்தக் கான்கிரீட்டை மென்பொருளில் நிமிர்த்தி வைப்பது, நடந்ததை அழிப்பதற்குச் சமம். கேமரா உண்டாக்கிய சாய்வை எடுத்துவிடுங்கள், வெடி உண்டாக்கிய சாய்வில் கை வைக்காதீர்கள். இந்த வகைப் படங்களில் நான் விட்டுக்கொடுக்காத விஷயம் இது ஒன்றுதான்.

ஆட்டோவுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. நீளமான கோடுகளைத் தேடும், கிடைத்ததையெல்லாம் நிமிர்த்தப் பார்க்கும். கூம்பின் சரிவையும் அது சாய்ந்த சுவர் என்றே எடுத்துக்கொள்ளும்.

அதனால் முதலில் லென்ஸின் வளைவைத் திருத்தும் லென்ஸ் புரொஃபைலைப் போடுங்கள். அகலக்கோண லென்ஸ் நேர்க்கோட்டை வெளிப்பக்கமாக வளைக்கும். வளைந்த கோட்டை வைத்து நிமிர்த்தினால் கணக்கு தப்பும். அப்புறம் டிரான்ஸ்ஃபார்ம் பகுதியில் கைடட் முறையைத் தேர்ந்தெடுத்து (ஷிஃப்டும் டி-யும் சேர்த்து அழுத்தினாலும் வரும்) இரண்டு கோடுகளை நீங்களே வரையுங்கள். எதன்மேல் வரைகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சுவர் முனை, செங்கல்லில் விட்ட ஜன்னல் திறப்பின் ஓரம் இவை நம்பகமானவை. கீல் கழன்ற கதவு, தொங்கும் ஜன்னல் சட்டம், மழைநீர்க் குழாய் பக்கம் போகவே வேண்டாம். இரண்டு கோடுகளையும் படத்தின் இடது, வலது ஓரங்களுக்குப் பக்கமாகத் தள்ளித் தள்ளி வரைந்தால் கணக்கு இன்னும் துல்லியமாக வரும்.

கோபுரத்தில் வரைய நேர்க்கோடே கிடைக்காது. அங்கே கைடட் வேண்டாம்; ரொட்டேட் ஸ்லைடரை மட்டும் நகர்த்தி, நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் சரிவு சமமாக வந்ததும் நிறுத்துங்கள். கீழே வாசல் தெரிந்தால் அதன் பக்கவாட்டு ஓரங்களைப் பார்த்து மேல்-கீழ் சாய்வை மாற்றும் வெர்ட்டிகல் ஸ்லைடரைக் கொஞ்சம் தொடலாம்.

அதிகாரிகள் மாளிகையின் முன்னால் நிற்கும் லெனின் சிலையையும் எடுத்திருப்பீர்கள். அந்தப் படத்தில் கொஞ்சம் கவனம் தேவை. நிமிர்த்தும்போது மென்பொருள் படத்தின் மேல்பகுதியை இழுத்து அகலப்படுத்துகிறது. பின்னால் இருக்கும் முகப்பு ஒழுங்காகிவிடும். லெனினின் தலையும் தோளும் ஊதிப் பெருத்துவிடும். அதனால் நிமிர்த்தியபின் வெர்ட்டிகலைச் சற்றுப் பின்வாங்கி, லேசான சாய்வை மிச்சம் வையுங்கள். முழுக்க நிமிர்ந்த கட்டடத்தைவிட இயல்பான முகம் முக்கியம். உடம்பு நீண்டோ குறுகியோ தெரிந்தால் அகல-உயர விகிதத்தை மாற்றும் ஆஸ்பெக்ட் ஸ்லைடர் இருக்கிறது. நீச்சல் குளக் கூடத்துப் படங்களில் இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. வரிசையாக டைல்ஸ் கோடுகள் இருப்பதால் ஆட்டோவே பெரும்பாலும் சரியாகச் செய்துவிடும்.

சரி, வெளிச்சத்துக்கு வருவோம். ரா ஃபைலில் எடுத்தது உங்களுக்குப் பெரிய பலம். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். 14 பிட் ரா ஃபைலில் 16,384. இருட்டில் பொதிந்த சுவரை மீட்க முடிவது அதனால்தான்.

ஆனால் மீட்க முடிகிறது என்பதற்காக எல்லாவற்றையும் மீட்கக் கூடாது. நடைபாதைச் சுவரில் உரியும் பெயின்ட்டை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். சுருண்டு நிற்கும் ஒவ்வொரு செதிலுக்கும் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு மெல்லிய நிழல் விழுந்திருக்கும். அது உரிந்து நிற்கிறது என்று நமக்குச் சொல்வதே அந்த நிழல்தான். ஷேடோஸை 100க்கு ஏற்றினால் நிழல் சாம்பலாகிச் செதில் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அதே நேரத்தில் ஹைலைட்ஸை அடியோடு இறக்கினால் ஜன்னல் சட்டத்தைச் சுற்றி மங்கலான ஒளிவட்டம் வரும். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதே தெரியாமல் போகும். நீங்கள் சொன்ன 'வரைந்த படம்' இப்படித்தான் உருவாகிறது.

இப்படிச் செய்து பாருங்கள். எக்ஸ்போஷரை (மொத்த வெளிச்சம்) அரை ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை ஏற்றுங்கள்; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. ஹைலைட்ஸ் மைனஸ் 50, 60 அளவில் இருக்கட்டும். ஷேடோஸை 30, 40-ஐத் தாண்ட விடாதீர்கள். பிறகு ஆல்ட் பட்டனை அழுத்திக்கொண்டே பிளாக்ஸை (மிக இருண்ட பகுதிகள்) இறக்குங்கள். வெள்ளைத் திரையில் ஆழமான மூலைகள் மட்டும் புள்ளிகளாகத் தெரியத் தொடங்கியதும் நிறுத்துங்கள். முழுக் கறுப்பு எங்காவது இருந்தால்தான் மற்ற நிழல்களுக்கு ஆழம் கிடைக்கும்.

இன்னும் இருட்டாக இருக்கும் பக்கத்துக்கு மட்டும் லீனியர் மாஸ்க் (திருத்தத்தைப் படிப்படியாக ஒரு பக்கத்துக்குக் கொடுப்பது) போட்டு அரை ஸ்டாப் கொடுங்கள். மாஸ்க்கில் ஜன்னல் சிக்கினால் வெளிச்ச அளவை வைத்துப் பகுதியைத் தேர்வு செய்யும் லூமினன்ஸ் ரேஞ்ச் வைத்து அதைக் கழித்துவிடுங்கள். ஜன்னலிலிருந்து தள்ளிப் போகப் போக வெளிச்சம் குறைந்துகொண்டே வர வேண்டும். அந்த வரிசை மாறினால் படம் பொய்யாகத் தெரியும். ஜே பட்டனைத் தட்டினால் முழுக்க வெளுத்த இடங்கள் சிவப்பாகத் தெரியும். ஹைலைட்ஸை இறக்கியும் சிவப்பு போகவில்லையென்றால் அங்கே மீட்க எதுவும் இல்லை. பரவாயில்லை. இருண்ட நடைபாதையில் நிற்பவருக்கு ஜன்னல் கண் கூசத்தான் செய்யும்.

நிழலை ஏற்றியதும் நிறமும் தொந்தரவு செய்யும். வெளியே மண்டிக் கிடக்கும் மரங்களின் பச்சை சுவரில் படரும்; வான வெளிச்சம் மூலைகளை நீலமாக்கும். அதே மாஸ்க்கில் பச்சைக்கு டின்ட்டைக் கொஞ்சம் மெஜந்தா பக்கமும், நீலத்துக்கு டெம்பரேச்சரைக் கொஞ்சம் மஞ்சள் பக்கமும் நகர்த்தினால் போதும். வால்பேப்பருக்கு அடியில் ரஷ்ய நாளிதழ்த் தாள் தெரியும் சுவர்கள் சோவியத் முகாம்களில் உண்டு. வெள்ளைத் தாள்தானே என்று எது நிறமற்றது என்று மென்பொருளுக்குக் காட்டும் ஒயிட் பேலன்ஸ் பிக்கரை அதன்மேல் வைக்காதீர்கள். 1994இல் ராணுவம் வெளியேறுவதற்கு முன்பே ஒட்டிய தாள், பழுப்பேறியிருக்கும். அதை வெள்ளையாக்கினால் அறை முழுவதும் நீலமாகும்.

கடைசியாக, நுண்விவரங்களைக் கூட்டும் டெக்ஸ்சர் 15, 20 போதும், நடுத்தர வெளிச்சப் பகுதிகளின் வேறுபாட்டைக் கூட்டும் கிளாரிட்டி தேவையே இல்லை. லைட்ரூமுக்கு மாதச் சந்தா கட்ட விரும்பாதவர்கள் இலவசமான டார்க்டேபிளில் இதே வேலையைச் செய்யலாம். சாய்வுக்கும் வெளிச்சத்துக்கும் அதில் நல்ல கருவிகள் இருக்கின்றன.

அடுத்த முறை போகும்போது கேமராவில் பிராக்கெட்டிங்கை (ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுப்பது) மைனஸ் 2, 0, பிளஸ் 2 என்று வையுங்கள். ட்ரைபாட் விரிக்க நேரம் கிடைக்காவிட்டாலும் கையிலேயே மூன்றையும் தொடர்ச்சியாக எடுத்துவிடலாம். லைட்ரூமின் எச்டிஆர் மெர்ஜ் அவற்றைப் பொருத்தி ஒன்றாக்கிவிடும். அப்புறம், வெளியே எடுக்கும்போது இன்னும் நாலடி பின்னால் போய், கட்டடத்தைச் சுற்றி இடம் விட்டு எடுங்கள். நிமிர்த்தும்போது வெட்டுப்படுவது அந்த வெற்றிடமாக இருக்கட்டும்.