மெய்நிகர் கணினிகளுக்கான ஸ்டோரேஜ் பாலிசி: கேள்வி–பதில்

விசான் என்பது பல சர்வர்களின் வட்டுகளை ஒன்றுசேர்த்து, மெய்நிகர் கணினிகளுக்கு (சர்வருக்குள் மென்பொருளாக இயங்கும் கணினிகளுக்கு) ஒரே சேமிப்பகமாகத் தரும் மென்பொருள். அது குறித்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஸ்டோரேஜ் பாலிசி, அதாவது சேமிப்பகக் கொள்கை, என்ற ஒரே இடத்தைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. முன்பெல்லாம் சேமிப்பகப் பெட்டியை லன்களாக (தனித்தனிச் சேமிப்புப் பகுதிகளாக) பிரித்து, ஒவ்வொரு லன்னுக்கும் ரெய்டு வகையை (தரவைப் பல வட்டுகளில் வைத்துக் காக்கும் முறையை) நிர்ணயித்துவிட்டு, மெய்நிகர் கணினியைக் கொண்டுபோய் அதற்குள் வைப்போம். 2014 மார்ச்சில் விஎம்வேர் வெளியிட்ட விசான் இந்த வரிசையைத் தலைகீழாக்கியது. ஒவ்வொரு மெய்நிகர் வட்டுக்கும் எத்தகைய பாதுகாப்பு வேண்டும் என்பதை நாம் கொள்கையாக எழுதித் தருகிறோம். அதை எந்த ஹோஸ்டில் (மெய்நிகர் கணினிகளை இயக்கும் சர்வரில்), எத்தனைப் பிரதிகளாக வைப்பது என்பதை மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. எழுதியதை அது எழுதியபடியே நிறைவேற்றும் என்பதால், ஒவ்வொரு வரியின் பொருளையும் தெரிந்துகொண்டுதான் எழுத வேண்டும்.

கேள்வி: 400 ஜிபி வட்டு ஒன்றை உருவாக்கினேன். அது நிரம்பியபோது டேட்டாஸ்டோரில் (வட்டுகள் வைக்கப்படும் பொதுச் சேமிப்பிடத்தில்) 800 ஜிபி போய்விட்டது. எங்கே தவறு செய்தேன்?

தவறு எதுவும் இல்லை. நீங்கள் கொள்கை எதையும் தேர்ந்தெடுக்காதபோது டேட்டாஸ்டோரின் இயல்புக் கொள்கை பொருந்தியிருக்கிறது. ஒரு பழுதைத் தாங்க வேண்டும், அதற்குக் கண்ணாடிப் பிரதி (மிரர்: அதே தரவின் இன்னொரு முழுப் பிரதி), அதாவது ரெய்டு-1, வைக்க வேண்டும் என்பதே அதன் சாரம். ஆகவே தரவு இரண்டு ஹோஸ்டுகளில் முழுமையாக இரண்டு முறை எழுதப்படுகிறது. வட்டின் ‘ஃபிசிக்கல் டிஸ்க் பிளேஸ்மென்ட்’ பக்கத்தைத் திறந்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு கூறு 255 ஜிபியைத் தாண்டக் கூடாது என்பதால் ஒவ்வொரு பிரதியும் குறைந்தது இரண்டு கூறுகளாகப் பிரிந்திருக்கும். பெரும்பாலும் மூன்றாவது ஹோஸ்டில் விட்னெஸ் என்ற சிறு கூறு ஒன்றும் இருக்கும். அதில் உங்கள் தரவு இருக்காது. இரண்டு ஹோஸ்டுகளுக்கும் இடையே தொடர்பு அறுந்தால் எந்தப் பக்கம் பெரும்பான்மை என்று முடிவு செய்வதற்கான வாக்கு மட்டுமே அதில் உள்ளது.

இதே ஒரு பழுதைத் தாங்கும் வலிமையை விசானின் பழைய கட்டமைப்பில் (2022இல் புதியது வரும் முன்பிருந்தது) ரெய்டு-5 கொண்டு பெற்றால், மூன்று தரவுத் துண்டும் ஒரு பேரிட்டித் துண்டும் (இழந்த துண்டைக் கணக்கிட்டு மீட்க உதவுவது) என்ற கணக்கில் 533 ஜிபி போதும். இரண்டு பழுதுகளைத் தாங்கும் ரெய்டு-6க்கு 600 ஜிபி ஆகும். அதே இரண்டு பழுதுகளைக் கண்ணாடிப் பிரதிகளால் தாங்க வேண்டுமானால் 1,200 ஜிபி தேவைப்படும்.

இடம் மிச்சமாகிறது என்று எல்லாவற்றையும் ரெய்டு-5க்கு மாற்றிவிடாதீர்கள். பழைய கட்டமைப்பில் சிறிதளவு தரவை ஒருமுறை எழுதக் கண்ணாடி முறையில் இரண்டு வட்டுச் செயல்கள்தாம் நடக்கின்றன. ரெய்டு-5இல் பழைய தரவையும் பழைய பேரிட்டியையும் படித்து, புதிய இரண்டையும் எழுத வேண்டியிருப்பதால் அது நான்காகிறது, ரெய்டு-6இல் ஆறு. 2022இல் விசான் 8உடன் வந்த இ.எஸ்.ஏ. கட்டமைப்பு, எழுதவரும் தரவை முதலில் கண்ணாடிப் பிரதியாக ஓரிடத்தில் சேகரித்து, பின்னர் முழு வரிசையாக இறக்குவதால் இந்தச் சுமை அங்கே பெரிதாகத் தெரிவதில்லை. பழைய கட்டமைப்பில் இருப்பவர்களுக்கு நான் சொல்லும் வழி வேறு. ஒரே மெய்நிகர் கணினியின் வெவ்வேறு வட்டுகளுக்கு வெவ்வேறு கொள்கை தரலாம் என்பதைப் பயன்படுத்துங்கள். தரவுத்தளத்தின் லாக் வட்டு (மாற்றங்கள் ஓயாமல் பதிவாகும் வட்டு) கண்ணாடியில் இருக்கட்டும். அதே கணினியின் பழைய அறிக்கைகள் கிடக்கும் வட்டு ரெய்டு-5க்குப் போகட்டும். லன் காலத்தில் இதைச் செய்ய இரண்டு லன்களும் ஒரு நீண்ட விவாதமும் வேண்டியிருந்தன.

கேள்வி: எங்களிடம் மூன்று ஹோஸ்டுகள் மட்டுமே உள்ளன. நான்காவது வாங்குவது அவசியமா?

வாங்க முடிந்தால் வாங்குங்கள். மூன்று ஹோஸ்டுகளில் ஒரு பழுதைத் தாங்கும் கண்ணாடிக் கொள்கை சரியாகவே இயங்கும். சிக்கல் பழுது நேர்ந்த பிறகுதான் தொடங்குகிறது. ஒரு ஹோஸ்ட் திடீரென மறைந்தால் விசான் அதை ‘ஆப்சென்ட்’ என்று குறித்துக்கொண்டு, அது திரும்பி வரக்கூடும் என்று இயல்பாக 60 நிமிடம் காத்திருக்கும். பிறகு விடுபட்ட பிரதியை வேறோர் ஹோஸ்டில் கட்டத் தொடங்கும். வட்டே நிரந்தரமாகப் பழுதாகிவிட்டது என்று உறுதியாகத் தெரிந்தால் இந்தக் காத்திருப்பு இல்லை. ஆனால் உங்களிடம் அந்த ‘வேறோர் ஹோஸ்ட்’ இல்லையே! கணினிகள் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் பாதுகாப்பின்றி ஓடும். அந்த நிலையில் இன்னொரு ஹோஸ்ட் விழுந்தால் வட்டுகள் அணுக முடியாதவையாகிவிடும். பராமரிப்புக்காக ஒரு ஹோஸ்டை வெளியே எடுக்கும்போதும் இதே கதைதான். ‘முழுத் தரவு இடமாற்றம்’ என்ற தெரிவு உங்களுக்குக் கைகொடுக்காது.

கொள்கை கேட்கும் குறைந்தபட்ச எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டிக்கொள்வது நல்ல வழக்கம். கண்ணாடி முறையில் ஒரு பழுதுக்கு மூன்று ஹோஸ்டுகள், இரண்டு பழுதுகளுக்கு ஐந்து. பழைய கட்டமைப்பின் ரெய்டு-5க்கு நான்கு, ரெய்டு-6க்கு ஆறு. பின்னவை இரண்டுக்கும் எல்லா வட்டுகளும் ஃபிளாஷாக இருப்பதும் கட்டாயம். இ.எஸ்.ஏ.வில் மூன்று ஹோஸ்டுகளிலேயே ரெய்டு-5 கிடைக்கிறது. அங்கே மூன்று முதல் ஐந்து ஹோஸ்டுகள் வரை இரண்டு தரவுக்கு ஒரு பேரிட்டி. ஆறும் அதற்கு மேலும் என்றால் நான்கு தரவுக்கு ஒரு பேரிட்டி. உங்கள் 400 ஜிபி வட்டு முன்னதில் 600 ஜிபியாகவும் பின்னதில் 500 ஜிபியாகவும் அமையும்.

கேள்வி: பயன்பாட்டில் உள்ள கொள்கையைத் திருத்தினால் உடனே என்ன நடக்கும்?

மாற்றத்தைச் செய்வதற்கு முன்பே இந்தக் கேள்வியைக் கேட்டதற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும். நான் உதவிக்குச் சென்ற ஓர் அலுவலகத்தில் இடம் தீர்ந்துவருகிறது என்ற கவலையில், வெள்ளிக்கிழமை மாலை ஒருவர் இயல்புக் கொள்கையையே திறந்து, ரெய்டு-1 என்பதை ரெய்டு-5 என மாற்றிச் சேமித்தார். இத்தனைக் கணினிகள் இக்கொள்கையைப் பயன்படுத்துகின்றன, மாற்றத்தை இப்போதே செய்யவா, பிறகு நீங்களாகச் செய்வீர்களா என்று திரை கேட்டது. அவர் ‘இப்போதே’ என்பதை அழுத்தினார். ரீசிங்க் (தரவை மீண்டும் எழுதி ஒத்திசைத்தல்) பக்கத்தில் மீதமுள்ள அளவு டெராபைட் கணக்கில் ஏறத் தொடங்கியது. காலி இடம் கூடுவதற்குப் பதிலாக மணிக்கு மணி குறைந்தது. அன்று இரவு நாங்கள் இருவரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஏன் குறைந்தது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். ரெய்டு வகை மாறும்போது விசான் பழைய பிரதிகளைத் தொடாமல், புதிய அமைப்பை முழுவதுமாகக் கட்டி முடித்த பிறகே பழையதை நீக்குகிறது. தரவு ஒரு நொடியும் பாதுகாப்பின்றி இருக்கக் கூடாது என்பதே காரணம், அது சரியான காரணமும்கூட. ஆனால் நம் 400 ஜிபி வட்டு, 800இலிருந்து 533க்கு இறங்கும் வழியில் 1,333 ஜிபியைத் தொட்டுவிட்டுத்தான் வரும்.

ஆகவே இயல்புக் கொள்கையில் கை வைக்காதீர்கள். அதை நகலெடுத்து, புதிய பெயரில் திருத்தி, நான்கைந்து கணினிகளுக்கு முதலில் பொருத்தி, ரீசிங்க் முடிந்ததைப் பார்த்துவிட்டு அடுத்த தொகுதிக்குப் போங்கள். எல்லா மாற்றமும் இவ்வளவு பாரமானதல்ல: ஐஓபிஎஸ் (ஒரு நொடியில் நடக்கும் படிக்கும், எழுதும் செயல்களின் எண்ணிக்கை) வரம்பை மாற்றினால் தரவு எதுவும் நகராது, கண்ணாடிப் பிரதியை இரண்டிலிருந்து மூன்றாக்கினால் ஒரு பிரதி மட்டும் கூடுதலாக எழுதப்படும், மூன்றிலிருந்து இரண்டாக்கினால் ஒன்று நீக்கப்படும், அவ்வளவே. ரெய்டு வகையையோ ஸ்ட்ரைப் எண்ணிக்கையையோ (ஒரு பிரதியை எத்தனை வட்டுகளில் பரப்புவது என்பதையோ) மாற்றுவதுதான் மறுகட்டுமானத்தைக் கோருகிறது.

கேள்வி: ‘ஃபோர்ஸ் ப்ரொவிஷனிங்’ என்ற தெரிவை இயக்கினால் பிழைச்செய்தி மறைகிறது. இயக்கியே வைத்திருக்கலாமா?

வேண்டாம். கொள்கையை நிறைவேற்ற வளம் போதாதபோது, பிழை காட்டி நிறுத்துவதற்குப் பதிலாக எப்படியாவது வட்டை உருவாக்கிவிடு என்பதே அதன் பொருள். இரண்டு பழுதுகளைத் தாங்கும்படி கேட்டிருந்தால், அது முடியாதபோது ஒரு பழுதுக்காவது ஏற்பாடு செய்யும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்வதில்லை, நேராகப் பழுதே தாங்காத ஒற்றைப் பிரதிக்கு இறங்கிவிடுகிறது. கணினி இயங்கும், பயனர் மகிழ்வார், ‘நான்-கம்ப்ளையன்ட்’ (கொள்கைப்படி இல்லை) என்ற குறிப்பு மட்டும் யாரும் பார்க்காத பக்கத்தில் நிற்கும். முதல் ஹோஸ்டிலேயே விசென்டரை (எல்லா ஹோஸ்டுகளையும் நிர்வகிக்கும் மென்பொருளை) நிறுவித் தொடங்கும் நாளில் இதற்கு நியாயமான பயன் உண்டு. அன்றாடக் கொள்கையில் இதற்கு இடமில்லை.

கேள்வி: ஒரு கணினிக்கு 1,000 ஐஓபிஎஸ் வரம்பு வைத்தேன். 500ஐத் தாண்டவே இல்லை. கொள்கை ‘கம்ப்ளையன்ட்’ என்றே காட்டுகிறது.

விசான் இந்த வரம்பை 32 கேபி என்ற அளவுகோலால் எண்ணுகிறது. உங்கள் பயன்பாடு 64 கேபி அளவில் எழுதினால் ஒவ்வொரு முறை எழுதுவதும் இரண்டாகக் கணக்கிடப்படும். ஆயிரம் ஐந்நூறாவது அதனால்தான். இன்னொன்றையும் கவனியுங்கள்: இது உச்சவரம்பு மட்டுமே, இவ்வளவு வேகம் கிடைக்கும் என்ற உத்தரவாதம் அல்ல. ‘கம்ப்ளையன்ட்’ என்ற சொல்லும் வேகத்தைப் பற்றிப் பேசுவதில்லை. தரவு கொள்கை சொன்னபடி வைக்கப்பட்டிருக்கிறது என்று மட்டுமே அது சான்று கூறுகிறது. தாமதத்தைக் காண செயல்திறன் வரைபடங்களுக்குத்தான் செல்ல வேண்டும்.

கேள்வி: விசென்டர் நின்றுபோனால் கொள்கைகளும் நின்றுபோகுமா?

நிற்காது. கொள்கைகளின் வரையறை விசென்டரில் இருந்தாலும், ஒவ்வொரு வட்டுக்கும் பொருந்திய விதிகள் ஹோஸ்டுகளிடமும் உள்ளன. விசென்டர் இல்லாத நேரத்தில் ஹோஸ்ட் ஒன்று விழுந்தாலும் மறுகட்டுமானம் அதன் போக்கில் நடக்கும். புதிய கொள்கை எழுதவோ பொருத்தவோதான் இயலாது. விசென்டரின் காப்புநகலை ஒழுங்காக எடுத்து வையுங்கள்.

கேள்வி: மூன்று பிரதிகள் இருக்கும்போது தனியாகக் காப்புநகல் எதற்கு?

நீங்கள் அழிக்கும் கோப்பு மூன்று பிரதிகளிலும் அதே கணத்தில் அழிகிறது. ரான்சம்வேர் பூட்டும் கோப்பும் மூன்றிலும் பூட்டப்படுகிறது. கொள்கை வன்பொருள் பழுதிலிருந்து மட்டுமே காக்கிறது. காப்புநகல் கட்டாயம் வேண்டும், அதுவும் இந்தக் கிளஸ்டருக்கு (ஹோஸ்டுகளின் இந்தத் தொகுப்புக்கு) வெளியே.

கேள்வி: தனிச் சேமிப்பகப் பெட்டி வைத்திருக்கிறோம். விவால்ஸ் (தனிப் பெட்டியிலும் வட்டுவாரியாகக் கொள்கை தர உதவும் விஎம்வேர் வசதி) வழியாக இதே கொள்கை முறைக்கு மாறலாமா?

2015இல் விஎம்வேரின் மெய்நிகராக்கத் தொகுப்பான விஸ்ஃபியர் 6.0உடன் வந்தபோது நானும் அதை மிகவும் நம்பினேன். ஆனால் விஸ்ஃபியர் 9.0 முதல் விவால்ஸ் கைவிடப்படும் வசதிகளின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. புதிதாகத் தொடங்காதீர்கள். விஎம்எஃப்எஸ் அல்லது என்எஃப்எஸ் வகை டேட்டாஸ்டோர்களுக்கு டேக் (அடையாளப் பெயர்) இட்டு, அந்த டேக்கைக் கொள்கையில் குறிப்பிடும் எளிய முறை உங்களுக்குப் போதுமானது. அது பெட்டியின் திறனை மாற்றாது என்றாலும், முக்கியமான கணினி தவறான டேட்டாஸ்டோரில் போய் விழுவதைத் தடுக்கும்.

கேள்வி: பிராக்ஸ்மாக்ஸுக்கும் (மெய்நிகர் கணினிகளை இயக்கும் வேறொரு மென்பொருள்) செஃபுக்கும் (அதனுடன் இயங்கும் பகிர்வுச் சேமிப்பகம்) மாறப்போகிறோம். அங்கே கொள்கை எங்கே இருக்கிறது?

அங்கே அது பூலில் (ஒரே விதியுள்ள வட்டுகளின் சேமிப்புத் தொகுதியில்) இருக்கிறது. வட்டுவாரியாக விதி எழுத முடியாது. பூலுக்கு எழுதிய விதியே அதிலுள்ள எல்லா வட்டுகளுக்கும் பொருந்தும். பிரதிகளின் எண்ணிக்கை இயல்பாக 3, எழுத்தை ஏற்கக் குறைந்தபட்சம் 2 என்றிருக்கும். இடமோ ஹோஸ்டோ குறைவு என்பதற்காக அந்த 2ஐ 1 ஆக்கிவிடாதீர்கள், ஒரே பிரதியில் எழுதப்பட்ட தரவு அந்த வட்டோடு போய்விடக்கூடும். பிரதிகளின் எண்ணிக்கையை ஓடும்போதே மாற்றலாம். ஆனால் பிரதி முறையிலுள்ள பூலை எரேஷர் கோடிங் (ரெய்டு-5, 6 போலப் பேரிட்டியால் காக்கும் முறை) பூலாக இருந்த இடத்திலேயே மாற்ற வழியில்லை. புதிய பூல் உருவாக்கி, வட்டுகளை ஒவ்வொன்றாக அதற்கு நகர்த்த வேண்டும். எரேஷர் கோடிங் பூலில் மெய்நிகர் வட்டுகளை வைக்கும்போது, அவற்றின் மெட்டாடேட்டாவுக்கு (தரவைப் பற்றிய குறிப்புகளுக்கு) பிரதி முறையிலான சிறு பூல் ஒன்று உடன் வேண்டும். ஆகவே குடிபெயரும் முன்பே உங்கள் விசான் கொள்கைகளைப் பட்டியலிட்டு, ஒரே விதி கேட்கும் வட்டுகளை ஒன்றாகச் சேர்த்து, எத்தனைப் பூல்கள் வேண்டும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான இடங்களில் இரண்டு அல்லது மூன்றுக்கு மேல் தேவைப்படாது.