எதுவும் திறக்காமலே ஹார்ட் டிஸ்க் ஓடிக்கொண்டே இருந்தால்...

கேள்வி: 2014-இல் வாங்கிய லேப்டாப். 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் செய்து அரை மணி நேரமானாலும் டிஸ்க் விளக்கு அணைவதில்லை. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறது. ஃபார்மட் செய்துவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். அந்த 100 வேகத்தின் கணக்கல்ல. டிஸ்க்குக்கு ஓய்வே இல்லை என்று பொருள். நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் டிஸ்க், அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னத் துண்டுகளைத் தேடி எடுக்க நொடிக்கு நூறு முறை தாவுவதே பெரும்பாடு. அதனால் நொடிக்கு 1 எம்பி நகரும்போதுகூட 100 காட்டும்.

முதலில் டிஸ்க்கின் உடல்நிலை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் 05, சி5 ஆகிய வரிகளைப் பாருங்கள். கடைசி நெடுவரிசையில் பூஜ்யம் இல்லையென்றால் செக்டர்கள் (டிஸ்க்கில் தகவல் எழுதும் சின்னக் கட்டங்கள்) கெட ஆரம்பித்துவிட்டன. உடனே கோப்புகளை வேறிடத்துக்கு நகலெடுங்கள். அதற்கு முன் சிதறிய துண்டுகளைச் சேர்க்கும் டீஃப்ராக், பிழை தேடும் செக்டிஸ்க் எதுவும் ஓட்டாதீர்கள். நொண்டும் டிஸ்க்கை ஓடவிட்டுக் கொல்வது போல அது.

டிஸ்க் நன்றாக இருந்தால், ஸ்டார்ட் மெனுவில் ரிசோர்ஸ் மானிட்டரைத் தேடித் திறந்து டிஸ்க் தாவலுக்குப் போங்கள். 'டோட்டல்' தலைப்பைச் சொடுக்கினால் அதிகம் படிப்பதும் எழுதுவதும் மேலே வரும். கோப்புகளைத் தேட அட்டவணை போடும் சர்ச் இண்டெக்ஸர் என்றால், இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸில் தேவையற்ற ஃபோல்டர்களை நீக்குங்கள். அடிக்கடி திறக்கும் மென்பொருள்களை முன்கூட்டியே ராமில் ஏற்றும் சிஸ்மெயின் என்றால், சர்வீசஸில் அதை நிறுத்தி ஸ்டார்ட்அப் டைப்பை டிஸேபிள்ட் ஆக்குங்கள். விண்டோஸின் வைரஸ் காவலான டிஃபெண்டரோ அப்டேட்டோ என்றால், வேலையை முடிக்கட்டும். அவற்றை முடக்கச் சொல்லும் யோசனைகளைக் கேட்காதீர்கள்.

ஆனால் 4 ஜிபி இயந்திரத்தில் பெரும்பாலும் மேலே நிற்பது பேஜ்ஃபைல்தான். ராம் போதாமல், விண்டோஸ் நினைவகத்தில் இருப்பதை டிஸ்க்குக்குத் தள்ளுவதும் மறுபடி இழுப்பதுமாக இருக்கிறது. பேஜ்ஃபைலை அணைத்தால் விளக்கு அடங்கலாம். பிரவுசரும் கூடவே திடீர் திடீரென்று மூடிக்கொள்ளும். இன்னொரு 4 ஜிபி ராம் போடுவதுதான் வழி. வாங்குமுன் பழைய ராமைக் கழற்றி ஸ்டிக்கரைப் பாருங்கள். 'பிசி3எல்' என்றிருந்தால் அது 1.35 வோல்ட் வகை, புதியதும் அதுவே வேண்டும். வெறும் 'பிசி3' 1.5 வோல்ட், அதைச் செருகினால் பல மாடல்களில் திரையே வராது.

ராம் போட்டபிறகும் மந்தமாக இருந்தால் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டில்லாத, சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) போடுங்கள். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் இதையே முதலில் வாங்கலாம். தாவும் முள் இல்லாததால் பேஜ்ஃபைல் தொல்லையும் வெகுவாகக் குறையும். பழைய டிஸ்க் 9.5 மிமீ தடிமனாக இருக்கலாம், எஸ்எஸ்டி பெரும்பாலும் 7 மிமீ. அப்படியானால் ஆடாமலிருக்க, கூட பிளாஸ்டிக் சட்டம் வந்தால் அதை ஒட்டிக்கொள்ளுங்கள். சோதனையில் தேறிய பழைய டிஸ்க்கை யுஎஸ்பி உறையில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.