தெருவுக்கும் தெருக்கடைகளுக்கும் ஏதாவது செய்யவேண்டும் என்றால் எங்கே தொடங்குவது?

சென்னையில் வேலைக்குப் போய் வரும் ஒருவர், தன் தெருவுக்கும் அங்கே பிழைக்கிற சிறு கடைகளுக்கும் ஏதாவது செய்ய நினைத்தால் எங்கே தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பெரம்பூர் பக்கம் இருக்கிறேன், எங்கள் தெரு நலச் சங்கத்திலும் இருக்கிறேன். இரண்டையும் தனித்தனி வேலையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கடைக்காரர்களையும் கூட்டிக்கொண்டு பகுதி சபைக்குப் போங்கள். அங்கேதான் தொடங்கவேண்டும் என்பேன்.

கிராமத்துக்குக் கிராம சபை இருக்கிற மாதிரி நகரத்துக்குப் பகுதி சபை. ஏரியா சபை என்றும் சொல்வார்கள். இதற்கான விதிகள் தமிழ்நாட்டில் 2022-ல் வந்தன. அந்த வருடம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதல் கூட்டங்கள் நடந்தன. சென்னையில் 200 வார்டுகள். ஒவ்வொரு வார்டும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்களும் சபையில் ஒருவர்தான், யாரும் அழைக்கவேண்டியதில்லை. 2016 முதல் 2022 தொடக்கம் வரை கவுன்சிலரே இல்லாமல் ஓடிய ஊர் இது. அதனால் இந்த உரிமையைச் சின்ன விஷயமாக நான் நினைப்பதில்லை.

கடைக்காரர்களை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், தெருவைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்தான். எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலுக்காகப் பள்ளம் தோண்டினார்கள். மாவு மில் வாசலில் வாரக்கணக்கில் பள்ளம் திறந்தே கிடந்தது. அரிசி டின்னைத் தூக்கிக்கொண்டு ஒற்றைச் சாரப்பலகைமேல் நடக்கப் பயந்து, வயதானவர்கள் எல்லாம் அடுத்த தெரு மில்லுக்குப் போய்விட்டார்கள். மில் நடத்தும் அக்காவுக்குக் கரண்ட் பில் கட்டவே கஷ்டமானது. ஒருவழியாக வேலை முடிந்து ஸ்லாப் போட்டு மூடினார்கள். நாங்கள் எல்லோரும் நிம்மதியாகிவிட்டோம்.

டீக்கடை அண்ணன் மட்டும், “சார், தண்ணி இறங்குற வாய் ரோட்டைவிட ஒரு விரல்கடை மேல இருக்கு, இதுல எப்படி இறங்கும்?” என்று கேட்டார். தினமும் காலையில் கடை வாசலைக் கழுவிவிடுகிறவர் அவர். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எங்கே தேங்கும் என்று அவருக்குத்தான் தெரியும். சங்கத்தில் இருந்த எங்களில் ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. அடுத்த பகுதி சபையில் அவரையே பேசச் சொன்னோம். மில் அக்கா பள்ளத்தைப் பற்றிச் சொன்னார்: இனிமேல் கடை வாசலில் தோண்டினால் அன்றே அகலமான பலகை போடவேண்டும் என்று கேட்டார். இரண்டையும் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் எழுதவைத்துவிட்டுத்தான் எழுந்தோம். பிறகு இன்ஜினியர் நேரில் வந்து ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். வடிகால் வாயை உடைத்துத் தாழ்த்திக் கட்டிக்கொடுத்தார்கள். வாயால் சொன்னது அன்றோடு போய்விடும். எழுதி வாங்கியதைத்தான் மறுபடி போய்க் கேட்க முடியும்.

தள்ளுவண்டிக்காரர்கள் விஷயத்தில் பல நலச் சங்கங்கள் நடந்துகொள்வது எனக்குப் பிடிப்பதில்லை. காலையில் அந்த வண்டியில் கீரை வாங்குகிறவர்களே சாயங்காலம் ஆக்கிரமிப்பு என்று புகார் எழுதுகிறார்கள். 2014-ம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு விற்பனைச் சான்றிதழ் பெறும் உரிமையைத் தந்திருக்கிறது. இடம் எது என்று பேசும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த ஆட்கள் இருக்கவேண்டும். உங்கள் தெரு இஸ்திரி வண்டிக்காரரிடமும் பூக்கார அம்மாவிடமும் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் கூடப்போய் விண்ணப்பம் எழுதிக்கொடுங்கள். தெரு வியாபாரிகளுக்காக 2020-ல் வந்த மத்திய அரசின் ஸ்வநிதி திட்டத்தில் ஜாமீன் இல்லாமல் கடன் கிடைக்கிறது. முதல் தவணை 10,000 ரூபாயாக இருந்தது, 2025-ல் 15,000 ஆக்கினார்கள். ஒழுங்காகக் கட்டினால் அடுத்தடுத்து 50,000 வரை போகலாம். கந்துவட்டிக்கு வாங்கிச் சரக்கு எடுப்பவருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று யோசியுங்கள்.

பூங்கா, பள்ளிக்கூடச் சுவர் மாதிரி வேலைகளுக்கு நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. செலவில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு தரும். குளம், ஏரி என்றால் மக்கள் பங்கு பாதி. தெருவில் வசூல் செய்யும்போது கடைக்காரர்களிடம் பணம் மட்டும் வாங்காதீர்கள், என்ன வேலை என்று முடிவு செய்யும்போதும் அவர்களைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், மாதச் சாமானில் ஒரு பகுதியையாவது தெருமுனைக் கடையில் வாங்குங்கள், கணக்கு நோட்டில் எழுதினால் சம்பளம் வந்ததும் முதலில் அதைத் தீர்த்துவிடுங்கள். வாடகை வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள் என்றால் படிவம் 8 கொடுத்து வாக்காளர் பட்டியலில் முகவரியை மாற்றிவிடுங்கள். அடுத்த கூட்டம் எப்போது, எங்கே என்று வார்டு அலுவலகத்தில் கேட்டு, தேதியை டீக்கடையிலும் மாவு மில்லிலும் எழுதி ஒட்டுங்கள்.