கட்டிலிலிருந்து விழுந்த குழந்தையைத் தூங்க விடலாமா?

கேள்வி: என் மகளுக்கு எட்டு மாதம். கட்டிலில் விட்டுவிட்டு டயப்பர் எடுக்கத் திரும்பினேன், அதற்குள் உருண்டு கீழே விழுந்துவிட்டாள். கட்டில் ஒன்றரை அடி உயரம்தான், ஆனால் கீழே வெறும் தரை. உடனே வீறிட்டு அழுதாள், தூக்கி வைத்துக்கொண்டதும் கொஞ்ச நேரத்தில் அடங்கிப் பால் குடித்தாள். நெற்றியில் கோலிக்குண்டு அளவுக்குப் புடைத்துவிட்டது. "தூங்க மட்டும் விட்டுடாதே" என்று வீட்டில் எல்லாரும் பயமுறுத்தியதில் ராத்திரி முழுக்க அவளைத் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டே இருந்தேன். ஸ்கேன் எடுக்க வேண்டுமா டாக்டர்?

பதில்: இது அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் அந்தப் புடைப்பு வற்றியே போயிருக்கும். இருந்தாலும் விரிவாகவே சொல்கிறேன், உங்கள் மகள் இனிமேல்தான் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகுவாள், இன்னும் நாலு இடத்தில் முட்டிக்கொள்ளத்தான் போகிறாள்.

முதலில் தூக்கம். தூங்குவதால் மூளைக்கு எந்தக் கெடுதலும் வராது. மயங்கிக் கிடப்பதைத் தூங்குவதாக நினைத்துவிடக் கூடாதே என்பதுதான் இந்தப் பயத்துக்கு மூலம். விழுந்த பிறகு நன்றாக விளையாடி, வழக்கமான நேரத்தில் கண்ணைச் சொக்கினால் தாராளமாகத் தூங்கட்டும். இடையில் ஓரிரு முறை மூச்சு சீராக இருக்கிறதா, லேசாகத் தொட்டால் முகத்தைச் சுளித்து நெளிகிறாளா என்று பாருங்கள், போதும். விடிய விடிய முழிக்க வைத்தால் காலையில் குழந்தை துவண்டு கிடக்கும், அது அடியாலா தூக்கமில்லாததாலா என்று எனக்கே பிடிபடாது!

அப்புறம் புடைப்பு. நெற்றியில் தோலுக்கு அடியில் உடனே எலும்பு, ரத்த ஓட்டமும் அதிகம், அதனால் கொஞ்சம் கசிந்தாலும் வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடும். துணியில் சுற்றிய ஐஸ், குழந்தை விடுகிற மட்டும், பத்து நிமிடம் வைக்கலாம். அமுக்கித் தேய்க்காதீர்கள். அது எவ்வளவு பெரிது என்பதோடு எங்கே இருக்கிறது என்றும் நாங்கள் பார்ப்போம். காதுக்கு மேலேயோ பின்மண்டையிலோ வீக்கம் வந்து, தொட்டால் கொழகொழவென்று இருந்தால், குழந்தை சிரித்துக்கொண்டிருந்தாலும் அன்றே கொண்டுவந்து காட்டுங்கள், அடியில் எலும்பு விரிசல் இருக்கலாம்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் ஸ்கேன் தேவைப்படாது. சி.டி. ஸ்கேன் என்றால் கதிர்வீச்சு, காரணமில்லாமல் குழந்தைக்குக் கொடுக்கிற விஷயம் அல்ல. யாருக்கு அது வேண்டாம் என்று கண்டுபிடிக்கவே அமெரிக்காவில் 42,000-க்கும் அதிகமான குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2009-இல் வெளியிட்டார்கள். இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு அதில் சொன்ன ஆபத்து அடையாளங்களில் ஒன்று, குழந்தை வழக்கம்போல இல்லை என்று பெற்றவர்கள் சொல்வது. ஆகவே "என்னமோ சரியில்லை டாக்டர்" என்று சொல்லத் தயங்கவே வேண்டாம், அது எங்களுக்கு ஒரு பரிசோதனை முடிவு மாதிரிதான்.

உடனே கிளம்ப வேண்டிய நேரங்களும் உண்டு. சில விநாடியானாலும் நினைவு தப்பினால், வலிப்பு வந்தால், எழுப்பியும் எழாவிட்டால், மூக்கிலோ காதிலோ ரத்தமோ தண்ணீர் மாதிரியோ வடிந்தால், ஒரு பக்கக் கையையோ காலையோ அசைக்காமல் இருந்தால், அழாதபோதும் உச்சிக்குழி புடைத்து நின்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். அழுத வேகத்தில் ஒரு தடவை கக்குவதற்குப் பதற வேண்டாம், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால்தான் வர வேண்டும். 3 அடிக்கு மேலிருந்து விழுந்தாலோ, குழந்தைக்கு மூன்று மாதம்கூட ஆகவில்லை என்றாலோ, பார்க்க நன்றாக இருந்தாலும் காட்டிவிடுங்கள்.

கேள்வி: இனி விழாமல் இருக்க வாக்கர் வாங்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். வாக்கரில் குழந்தை நீங்கள் ஓடிப் பிடிப்பதற்குள் மாடிப்படி வரைக்கும் போய்விடும். கனடாவில் 2004-லிருந்து அதை விற்கவே தடை. டயப்பர் எடுக்கத் திரும்பும்போது குழந்தையைத் தரையில் விரிப்பில் விட்டுவிட்டுத் திரும்புங்கள், உருண்டாலும் விழ இடமில்லை.